படையலுக்கு முன் போன உப்பு

சாமுண்டீஸ்வரி அக்காவை முதலில் எனக்கு ஊரில் தெரியாது, போனில்தான் தெரியும். அப்போது திண்டிவனத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் வரும்போது போனில் எதையாவது தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வருவேன். அப்படி ஒரு நாள் ‘அஞ்சாம் பாத்தி’ என்று ஒரு பக்கம் வந்தது. நாலு கட்டம் போட்ட சித்திரக்கதை. உப்பளத்துச் சேற்றில் ஒரு மேஸ்திரியின் ஸ்கூட்டர் மாட்டிக்கொள்கிறது. “ஏம்மா, ஒரு கை குடுங்கம்மா” என்கிறார். வரிசையாக நிற்கும் பெண்கள், “கையெல்லாம் உப்பு மேஸ்திரி, வண்டி துருப்பிடிச்சுடும்” என்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் அவர் தனியாகத் தள்ளுகிறார், அவர்கள் டீ குடிக்கிறார்கள்.

சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். ஆனால் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு மோட்டார் ஷெட் வரைந்திருந்தது. கூரையில் ஒரு தகடு இல்லை. அந்த ஓட்டையை ஒரு கிழிந்த கல்யாண பேனரால் மூடியிருந்தார்கள். அந்த ஷெட்டை நான் தினமும் பஸ் ஜன்னலில் பார்க்கிறேன். பேனரில் இருந்த மாப்பிள்ளையின் பாதி முகம்கூட அப்படியே இருந்தது.

அதன் பிறகு என்னால் சீட்டில் உட்கார முடியவில்லை. எங்கள் ஊரிலிருந்து யாரோ வரைகிறார்கள், எங்கள் ஊரில் யாருக்கும் அது தெரியாது. பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் ஒரு பஸ்ஸில் ஏறிவிடுகிற அளவு ஆட்கள்தான். பெரும்பாலும் வெளியூர்ப் பெயர்கள். நான் ஒரு செய்தி அனுப்பினேன்.

“நீ எந்த ஊரு?” என்று பதில் வந்தது.

“மரக்காணம்.”

“பொய் சொல்லாத.”

ஷெட்டின் பேனரில் மாப்பிள்ளையின் எந்தக் கண் தெரிகிறது என்று எழுதினேன். அப்புறம்தான் நம்பினாள். மறுநாள் மதியம் ஈசிஆர் ரோட்டில் உள்ள பஸ் நிழற்குடைக்கு வரச் சொன்னாள். போனேன். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்த காலோடு, சேலைக்கு மேல் சட்டை போட்ட ஒரு பெண் மூலையில் உட்கார்ந்து போனில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். அதுதான் சாமு அக்கா. முப்பதைத் தொட்ட வயது. வீட்டுக் கூரை தகரம், மதியத்தில் உள்ளே இருக்க முடியாது, நிழற்குடையில் கடல் காற்றும் வரும், டவரும் கிடைக்கும் என்றாள். பேசும்போது ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. இன்று வரை அந்தக் கால் நின்று நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய கை ஏற்கெனவே பேர் வாங்கியதுதான். பிளஸ் டூவில் வகுப்பு முழுவதற்கும் உயிரியல் ரெக்கார்டு நோட்டில் படம் போட்டுக்கொடுத்தவள் அவள். தவளையின் இதயத்தை மட்டும் ஒரே மாதத்தில் எத்தனை தடவை வரைந்தாளோ. “டீச்சருக்கு எல்லா நோட்டும் ஒரே கைன்னு தெரியும். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அவங்க பொண்ணுக்கும் நான்தான போட்டுக் குடுத்தேன்” என்பாள். அதற்குப் பிறகு கல்யாணம். வீட்டுக்காரர் வேல்முருகன் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர். அக்காவும் அளத்துக்கு வேலைக்குப் போனாள். கொரோனா சமயத்தில் எல்லாரும் வீட்டில் கிடந்தபோது போனில் ஒரு வரைகிற ஆப் இலவசமாகக் கிடைத்தது. அதில் ஆரம்பித்ததுதான்.

வரைவதை விட அவள் கேட்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கதையில் வருகிற ஒரு வசனமும் அவளுடையது இல்லை. விடியும் முன்னே அளத்தில் இறங்கிவிடுவார்கள். வரிசையாக நின்று பலகையால் உப்பை வாரிக் கரையில் சேர்ப்பார்கள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் வேலை முடிந்துவிடும். அதுவரை வரிசையில் பேச்சு ஓயாது. அந்தப் பேச்சை வாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நிழற்குடைவரை வருவாள். வழியில் யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். வாயைத் திறந்தால் போய்விடுமாம்.

“நீங்களே யோசிச்சு எழுதினா என்னக்கா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“எழுதிப் பாத்தேன்டி. டிவி சீரியல் மாரி வந்துச்சு. மாரியம்மா பெரிம்மா தும்முனா கூட அதுல ஒரு கத இருக்குது. எனக்கு இன்னா இருக்குது?”

மாரியம்மாள் அந்த வரிசையில் மூத்தவர். ‘அஞ்சாம் பாத்தி’யில் பெரிய மூக்கோடு, எல்லாக் கட்டத்திலும் யாரையாவது வாரிக்கொண்டே நிற்பது அவர்தான். ஆனால் அளத்தில் யாருக்கும் இப்படி ஒரு கதை போய்க்கொண்டிருப்பது தெரியாது என்று அக்கா நினைத்திருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கை எவ்வளவு கழுவினாலும் விரல் இடுக்கில் உப்பு இருக்கும். வேர்வை பட்டால் போன் திரை தானாகவே ஒரு கோடு இழுக்கும். அக்கா சில சமயம் அதை அழிப்பாள், சில சமயம் அலுத்துப்போய் விட்டுவிடுவாள். வெளியூர் வாசகர்கள் அதை அவளுடைய பாணி என்றார்கள். “நடுங்கும் கோடு” என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு, “இவங்களுக்கு எல்லாமே அழகாத்தான் இருக்குது” என்றாள். சந்தோஷமா எரிச்சலா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு படம் போட்ட அன்று மாலைக்குள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதை எடுத்துவிடுவாள். மறுநாள் திரும்பப் போடுவாள். “பாக்கலையா, புடிக்கலையா? ரெண்டுல எதுன்னு எப்பிடித் தெரியும்?” என்று என்னைக் கேட்பாள். எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். அது முடிந்த பிறகு என்ன செய்வதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அக்காவின் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பும்போது மட்டும் ஏதோ வேலை செய்கிற மாதிரி இருந்தது.

அருண்ராஜ் வந்தது அப்போதுதான். இடையஞ்சாவடிப் பையன், குயிலாப்பாளையத்தில் ஒரு விருந்தினர் விடுதியில் வரவேற்பில் இருக்கிறான். பேர் வெளியே தெரியாத சித்திரக்கதைக்காரர்களைத் தேடித் தேடி அறிமுகப்படுத்துவதற்கென்றே ஒரு பக்கம் நடத்துகிறான். யாருக்கும் தெரியாத ஒருத்தரைக் கண்டுபிடித்தால் அவனுக்குத் தலைகால் புரியாது. ‘அஞ்சாம் பாத்தி’யைப் பற்றி அவன் எழுதிய பிறகு ஆட்கள் கூடினார்கள். மாதாமாதம் ஆதரிக்கிறோம் என்று கொஞ்சம் பேர் முன்வந்தார்கள். அந்தப் பணத்தில் அக்காவுக்குப் பழைய டேப்லெட் ஒன்றும் பேனாவும் வாங்கிக்கொடுத்தான். வேர்வைக்கை திரையில் படாமல் வரைய முடிந்தது. நடுங்கும் கோடு எங்கே என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

“ஆதரிக்கிறவங்களுக்கு ஏதாவது சின்னதா அனுப்பணும் சாமுக்கா. ஒரு போஸ்ட்கார்டு படம் போதும்” என்றான்.

“படத்தத்தான் போன்ல பாக்குறாங்களே. உப்பு அனுப்பறேன்” என்றாள் அக்கா.

அவன் எழுந்து நின்றுவிட்டான். “செம யோசனைக்கா இது!”

அந்த அளத்தில் ஒரு முறை உண்டு. மழைக்காலம் முடிந்து, பாத்திகளில் தண்ணீரை வெயிலில் சுண்டவிட்டு இறுக்கி, முதல் உப்பு விளைந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை பார்ப்பார்கள். குளித்துவிட்டு வந்து வாருவார்கள், அதுதான் முதல் வாரு. வாரிய முதல் உப்பைக் கரை முனையில் குவித்து, மஞ்சள் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைப்பார்கள். ஒரு முறம் உப்பு அளத்து ஓரத்தில் இருக்கும் அம்மனுக்குப் போகும். அது வரை ஒரு கைப்பிடி உப்புகூட யாரும் வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். அதற்குப் பிறகு எவ்வளவு அள்ளினாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

அக்கா அதை மீறுவதாக நினைக்கவில்லை. முதல் வாருக்கு ஒரு வாரம் முன்னே வரப்பு ஓரமாகத் தண்ணீர் மேல் மெல்லிய ஏடு மாதிரி உப்பு நிற்கும். பூவுப்பு என்பார்கள். கையில் எடுத்தால் நொறுங்கும். அளத்துக்கு வரும் குழந்தைகள் நக்குவார்கள். அதை யாரும் உப்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. அக்கா அதைத்தான் வழித்தெடுத்து, வெயிலில் காயவைத்து, சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டினாள். ஒவ்வொன்றிலும் மாரியம்மாளின் முகம் போட்ட ஸ்டிக்கர். கீழே அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி: ‘இந்த வருஷத்து முதல் உப்பு, உங்களுக்கு.’

தபால் ஆபீஸ் வரிசையில் நான் கூட நின்றேன். ஸ்டிக்கரைப் பார்த்ததும் கேட்டேன், “முதல் உப்பு எடுத்தாச்சா அக்கா?”

“அடுத்த வெள்ளிதான்டி. இது பூவுப்பு.”

“அப்போ ஏன் இப்பிடிப் போட்டிருக்கீங்க?”

“அவங்களுக்கு பூவுப்புன்னு எழுதினா இன்னா புரியும்? முதல் உப்புன்னாதான் நல்லா இருக்குது.” பொட்டலங்களை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள். கால் ஆடிக்கொண்டிருந்தது.

பொட்டலங்கள் போயின. அந்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் மழை பெய்தது. மாசி மாதத்தில் பெய்யக்கூடாத மழை. ஒரே இரவில் பாத்தியெல்லாம் நல்ல தண்ணீர். இறுக்கிய உப்புத்தண்ணீர் போயிற்று. இனி எல்லாத் தண்ணீரையும் இறைத்து, தரையை மறுபடி மிதித்துக் கெட்டிப்படுத்தி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மேஸ்திரி தட்சணாமூர்த்தி பாதிப் பேரை வீட்டில் இருக்கச் சொன்னார். யார் இருப்பது, யார் வருவது என்று தினமும் சண்டை.

அதே வாரம் பெங்களூரில் ஒரு வாசகர் பொட்டலத்தைப் பிரிப்பதை வீடியோ எடுத்துப் போட்டார். கொய்யாப்பழத்தில் உப்பைத் தூவிக் கடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “ஒரு கடற்கரையோட இந்த வருஷத்து முதல் உப்பு இது. இந்த மாதிரி ஆர்ட்டிஸ்டை நாம விடக்கூடாது” என்றார். அதை எங்கெங்கேயோ பகிர்ந்தார்கள். ‘அஞ்சாம் பாத்தி’யின் எண்கள் நாங்கள் பார்த்தே இராத வேகத்தில் ஏறின. அக்கா ஓடி வந்து நிழற்குடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏய், ஏறுது பாருடி, ஏறுது பாரு!” நானும் சேர்ந்து குதித்தேன். அன்று ஒரு பஸ்ஸை விட்டேன், அடுத்ததையும் விட்டேன்.

மறுநாள் மதியம் அதே நிழற்குடையில் இருந்தோம். அளத்திலிருந்து பெண்கள் சும்மாட்டுத் துணியை உதறிக்கொண்டு வந்தார்கள். எப்போதும் எதிர்ச்சாரியில் திரும்பிப் போய்விடுவார்கள். அன்று ரோட்டைக் கடந்து எங்களிடம் வந்தார்கள். முன்னால் மாரியம்மாள். பக்கத்தில் அருக்காணி, அக்காவின் வயதுக்காரி, கையில் போனோடு. வீடியோ அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

“இது யாரு மூக்குடி?” என்றார் மாரியம்மாள்.

அக்கா எழுந்தாள். “பெரிம்மா, அது சும்மா...”

“சும்மாவா? எம் மூக்கு உனக்குச் சும்மாவா? சரி, அது கெடக்கட்டும். எனக்கு வாச்சது அவ்ளோதான். கீழ இன்னா எழுதிக்கிற, அதப் படி.”

அக்கா படிக்கவில்லை. அருக்காணி படித்தாள், பள்ளிக்கூடத்தில் பாடம் படிக்கிற குரலில்.

“எந்தப் பாத்தில எடுத்த?”

“பாத்தில எடுக்கல பெரிம்மா. ஓரத்துல நின்ன பூவுப்பு. அத யாரு உப்புன்னு எண்றாங்க? உங்க பேரனே அன்னைக்கு நக்கிக்கினு இருந்தான்.”

“அவன் நக்கினான். பார்சல் போடல.”

பின்னால் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

“பூவுப்பு உப்பு இல்லன்னா முதல் உப்புன்னு ஏன்டி எழுதின?” என்றாள் அருக்காணி. “அந்தாளு கண்ண மூடிக்கினு திங்கிறான் பாவம். அவன ஏமாத்தினியா?”

மாரியம்மாள் அருகில் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“ரெண்டுல ஒண்ணு சொல்லு. அது உப்பா, உப்பு இல்லையா?”

புதுச்சேரி பஸ் வந்து நின்றது. யாரும் ஏறவில்லை. “ஏம்மா, ஏறுறீங்களா, பஞ்சாயத்தா?” என்று கண்டக்டர் கத்தினார். “நீ போப்பா” என்றார் மாரியம்மாள், திரும்பிப் பார்க்காமலே. பஸ் போயிற்று. பதிலுக்குக் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்புறம் அவர்களும் போனார்கள்.

அளத்தில் மிதிக்கிற வேலை நடந்தது. ஈரக் களிமண் வழுக்கும். அதனால் பக்கத்தில் நிற்பவளின் தோளில் கை போட்டுக்கொண்டு, வரிசையாக, ஒரே அடியாக மிதிப்பார்கள். அக்காவை வேலைக்கு வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அவள் தோளில் யாரும் கை போடவும் இல்லை. வரிசையின் கடைசியில் கைகளை விரித்துக்கொண்டு தனியாக மிதித்தாள். இரண்டு தடவை விழுந்தாள்.

“விழறது பரவால்ல யுவா” என்றாள் என்னிடம். “நான் கிட்ட போனா வாய மூடிக்கிறாங்க. அந்த மாரி அமைதிய நான் அளத்துல கேட்டதே இல்ல. சேறு சப்புசப்புன்னு சத்தம் போடறது மட்டும்தான் கேக்குது.”

‘அஞ்சாம் பாத்தி’ நின்றது. புதிதாக வந்தவர்கள் அடுத்த கதை எப்போது என்று கேட்டார்கள். முதலில் அன்பாக, அப்புறம் கொஞ்சம் அதட்டலாக. அக்கா டேப்லெட்டைத் திறப்பாள், நாலு கட்டம் போடுவாள், உள்ளே ஆட்களை வரைவாள். பேச்சுக்கு விட்ட இடம் வெள்ளையாகவே இருக்கும். மூடிவிடுவாள்.

அந்த மழைக்கும் பொட்டலத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் அவளிடம் சொன்னேன். வங்கக்கடலில் உண்டான காற்றழுத்தத்தின் படத்தைக்கூடப் போனில் எடுத்துக் காட்டினேன்.

“இத ஏன் எனக்குக் காட்டற? நானும் பிளஸ் டூதான். மழை எல்லா அளத்துலயும்தான் பேஞ்சுது, அது பெரிம்மாவுக்கும் தெரியும். அவங்க மழையப் பத்திக் கேக்கல.”

அருண்ராஜ் பைக்கில் வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். அவன் கண் மின்னியது. “அக்கா, இதையே வரைங்க. நிழற்குடை, பஸ், கண்டக்டர். இதான்க்கா கதை!”

“எத வரையறது? பெரிம்மா திட்டினதையா?”

“ஆமாக்கா. சும்மா பிச்சுக்கினு போகும்.”

“அதுவும் அவங்க வாயிலேர்ந்து எடுத்ததுதான தம்பி? இன்னும் எவ்ளோ எடுக்கறது?”

அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. அவன் இல்லையென்றால் அக்காவின் கையில் அந்தப் பேனா இருக்காது. கொஞ்ச நேரம் கழித்து வேறொரு வழி சொன்னான். “அப்போ வாசகர்கிட்ட உண்மைய சொல்லிடுங்க. அது முதல் உப்பு இல்ல, ஓரத்து ஏடு, ஸ்டிக்கர்ல தப்பாப் போட்டுட்டேன்னு. ரெண்டு நாள் முணுமுணுப்பாங்க. அதையே இவங்களுக்கும் காட்டுங்க. உப்பே இல்லன்னு ஆயிடுச்சுன்னா பிரச்சனையே இல்லையே?”

எனக்கு அது சரியாகப் பட்டது. இப்போது யோசித்தாலும் புத்திசாலித்தனமான வழிதான். அக்காவும் தலையாட்டினாள். அவன் போன பிறகு எழுத உட்கார்ந்தாள். எழுதினாள், அழித்தாள். எழுந்து நிழற்குடையைச் சுற்றி நடந்தாள். ரோட்டோரத்து மைல்கல் வரை போய்த் திரும்பி வந்தாள்.

“என்னக்கா?”

“பொய்யாட்டம் இருக்குதுடி.”

“ஸ்டிக்கர்தானே பொய்?”

“அதான் தெரியல. வரப்புல குனிஞ்சு அத அள்ளினேன் பாரு, கை கொள்ளாம, அப்போ எனக்கு அது ஏடுன்னு தோணல. அப்பாடா, இந்த வருஷம் உப்பு வந்துடுச்சுன்னுதான் தோணுச்சு. அதத்தான் எழுதினேன். நல்லா இருக்கும்னு எழுதினேன்னு உங்கிட்ட சொன்னதுதான் பொய்.”

எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றியது, ஆனால் எந்தப் பக்கம் ஆறுதல் சொல்வது? தெரியாத கலைஞர்களைக் கைதூக்கிவிடுகிறோம் என்று நானும் அருண்ராஜும் சேர்ந்து எத்தனை பதிவு போட்டிருப்போம். அந்த வீடியோ பரவியபோது நான் குதித்தது அவளுடைய படத்துக்காகவா, எங்கள் ஊர் உப்பை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தின்றதற்காகவா? இன்னும் எனக்குத் தெளிவாகத் தெரியாது.

“நாளைக்கு அளத்துக்கு என்கூட வா. பக்கத்துல நில்லு. வாயத் திறக்காத” என்றாள்.

காலை டீ நேரத்துக்குப் போனோம். மறுபடி இறுக்கிய தண்ணீர் பாத்திகளில் பளபளத்தது. இன்னும் சில நாளில் உப்பு நிற்கும். பெண்கள் மோட்டார் ஷெட் நிழலில் கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி ஸ்கூட்டரில் சாய்ந்திருந்தார். அக்கா நேராக மாரியம்மாள் முன்னால் போய் நின்றாள்.

“உப்புதான் பெரிம்மா.”

மாரியம்மாள் ஒரு வாய் டீ குடித்தார்.

“ஓரத்துல எடுத்தேன். ஆனா உப்புதான். தெரிஞ்சுதான் எடுத்தேன்.”

மேஸ்திரிக்கு மனம் கேட்கவில்லை. “விடுங்கம்மா. மழை ஊரெல்லாந்தான் பேஞ்சுது. இதுக்குப் போயி...”

“மேஸ்திரி, கையெல்லாம் உப்பா இருக்குது. உங்க வண்டி பக்கம் நாங்க வர மாட்டோம், துருப்பிடிச்சுடும்” என்றார் மாரியம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரிதான் புரியாமல் விழித்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. வரிசையில் வேறு எதற்கோ சொன்ன பேச்சை மேஸ்திரியின் வண்டியோடு சேர்த்தது அக்காவின் படம்தான். அந்த ஸ்கூட்டர் படத்தை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு நாளாக என்று கேட்கும் தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை.

“நாள் பூரா எங்க வாயப் பாத்துக்கினு நின்னியே” என்றார் மாரியம்மாள், இப்போது சிரிப்பில்லாமல். “பெரிம்மா, வெளியூருக்கு உப்பு அனுப்பறேன்னு ஒரு வார்த்த சொன்னியா? சொல்லியிருந்தா சாமிக்கு வெச்சிட்டு நானே அள்ளிக் கட்டிக் குடுத்திருப்பேன். எங்களுக்கு அனுப்பத் தெரியாதா? எங்க கையும் உப்புல ஊறின கைதான?”

“தப்புதான் பெரிம்மா.”

“இந்த வருஷம் முதல் வாருக்கு நீ பாத்தில எறங்காத. வரப்புல நில்லு. அடுத்த வாருக்கு வா.”

அருக்காணி ஏதோ சொல்ல வந்தாள். மாரியம்மாள் கையைக் காட்டினார், நிறுத்திக்கொண்டாள்.

“சரி பெரிம்மா” என்றாள் அக்கா. கிளம்பத் திரும்பியவள் நின்றாள். “படம்?”

“படம் இன்னா? அது உங்கிட்டதான இருக்குது. வரை. யாரு வேணாம்னது?”

“பேச்சு உங்ககிட்ட இருக்குதே பெரிம்மா.”

மாரியம்மாள் டம்ளரின் அடியில் இருந்த டீயைத் தரையில் வீசிவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போய்விட்டார்.

முதல் வாரு அன்று நானும் போனேன். அக்கா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, மற்றவர்களைப் போலவே வந்திருந்தாள். வரப்பில் நின்றுகொண்டாள். எல்லாரும் இறங்கினார்கள். மாரியம்மாள் பலகையை முதலில் வைத்தார். தண்ணீருக்கு அடியிலிருந்து உப்பு கரகரவென்று எழுந்து வந்தது. குவித்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். முறம் அம்மனுக்குப் போயிற்று. தேங்காய்ச் சில்லை அருக்காணி வரப்புக்கு வந்து அக்காவிடமும் என்னிடமும் கொடுத்தாள். பேசவில்லை, முறைக்கவும் இல்லை.

அப்புறம் வரிசை வேலையில் இறங்கியது. குனிந்த முதுகுகள் எங்களை விட்டு விலகிப் போயின. பேச்சு ஆரம்பித்தது தெரிந்தது, தலைகள் திரும்பின, தோள்கள் குலுங்கின. ஒன்றும் கேட்கவில்லை. காலை நேரத்தில் அங்கே காற்று தரையிலிருந்து கடல் பக்கம் வீசும். நாங்கள் நின்றது காற்று வரும் மேற்குப் பக்கம், பேச்சு எங்களை விட்டுக் கடல் பக்கம் போயிற்று. அக்கா வரப்பில் நாலு அடி போனாள், திரும்பினாள். மறுபடி போனாள். தேங்காய்ச் சில்லைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

திடீரென்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். பாத்தியைச் சுற்றிக்கொண்டு, கால்வாயைத் தாண்டி, கிழக்கு வரப்புக்கு. நான் பின்னால் ஓடினேன். வரப்பு குறுகல், இரண்டு பக்கமும் தண்ணீர். அங்கே போய் நின்றபோது காற்று எங்கள் முகத்தில் அடித்தது. பலகைகள் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. பேச்சு முணுமுணுப்பாக வந்தது, வார்த்தை பிரியவில்லை.

மாரியம்மாள் நிமிர்ந்தார். எதிரே கிழக்கு வரப்பில் நாங்கள் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தபடியே நின்றார். வரிசையும் நின்றது. என்னை யாராவது அங்கிருந்து போகச் சொன்னால் போய்விடலாம் என்று இருந்தது. அவர் மறுபடி குனிந்தார்.

“ஏ அருக்காணி!” என்றார். பக்கத்தில் நிற்பவளைக் கூப்பிட அவ்வளவு சத்தம் தேவையில்லை. “எம் மருமவ பிரிட்ஜ் வாங்கிக்கிறா, தெரியுமா உனக்கு?”

“தவணையிலயா?”

“அத வுடு. நம்ம தெருவுல கரண்டு எங்க ஒழுங்கா வருது? நேத்து தொறந்து பாக்கறேன், உள்ள எம் புள்ளயோட சட்ட, பேண்டு, எல்லாம் மடிச்சு மடிச்சு வெச்சிருக்குது. இன்னாடி இதுன்னா, எலி வராது அத்தைங்கறா!”

வரிசை முழுவதும் சிரித்தது. கடைசியில் நின்ற ஒருத்தி பலகையை விட்டுவிட்டுத் தண்ணீரில் உட்கார்ந்தேவிட்டாள்.

“மெதுவா பேசு பெரிம்மா” என்றாள் அருக்காணி. “வரப்புல ஆளு நிக்குது.”

“நிக்கட்டுமே. நான் இன்னா கோயில்லயா பேசறேன்? எந் தொண்ட அப்பிடித்தான்.” மூச்சு வாங்கிக்கொண்டு, முன்னைவிட உரக்க ஆரம்பித்தார். “கேளுடி, அதோட போச்சா? காலைல அவன் வேலைக்குப் போவ சட்டைய எடுத்து மாட்டறான்...”

நான் அக்காவிடம் ஏதோ கேட்க வாயெடுத்தேன். “சும்மா இருடி” என்றாள், பாத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல்.